முதல் முறைக்குள் ஒளிந்திருக்கும் 'இல்லை'

ஆங்கில வினைச்சொல்லில் நின்று ரசிக்கத்தக்க இடம் ஒன்றைச் சுட்ட வேண்டுமானால், ஒருவர் ஒன்றை முதன்முதலாகக் காண்பதைச் சொல்லும் வாக்கியத்தைச் சுட்டலாம். கண்ணெதிரே நடந்துகொண்டிருக்கும் செயலே ஆனாலும் அங்கே அம்மொழி நிகழ்காலத்தை ஏற்பதில்லை. 'ஹேவ்' என்ற துணைவினையோடு முற்றுப்பெற்ற வினையைச் சேர்த்து, செயல் முன்பே தொடங்கிப் பேசும் கணம்வரை வந்து சேர்ந்திருப்பதைக் காட்டும் நிகழ்கால நிறைவு என்னும் வடிவத்தையே கேட்கிறது.

இதன் சுவையை அறியச் சென்னையின் திருவான்மியூர் ஏற்ற இடம். ருக்மிணி தேவி அருண்டேல் 1936-இல் அடையாற்றில் தொடங்கி, 1960-களில் இவ்வூருக்குக் குடிபெயர்ந்த கலாக்ஷேத்ரா கலைப்பள்ளியில், பல நாட்டு மாணவர்களும் ரசிகர்களும் பரதம் பற்றி ஆங்கிலத்தில் பேசிக்கொள்வது அன்றாட வழக்கம். மார்கழிக் கலைவிழாவின்போது ருக்மிணி தேவி அமைத்த குற்றாலக் குறவஞ்சி போன்ற நாட்டிய நாடகம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும் சென்னைவாசி, பக்கத்து இருக்கையில் இருக்கும் வெளிநாட்டு விருந்தினரிடம், "திஸ் இஸ் த ஃபர்ஸ்ட் டைம் ஐ ஆம் சீயிங் அ குறவஞ்சி" என்று சொல்வது மிக இயல்பு. ஆங்கில மரபு அங்கே எதிர்பார்ப்பதோ "ஐ ஹேவ் சீன்" என்பது.

இந்தப் பிறழ்ச்சியை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. "இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன்" என்பதே தமிழின் செம்மையான வாக்கியம். பிரெஞ்சும் ஜெர்மனும்கூட இதே இடத்தில் நிகழ்காலத்தையே ஆள்கின்றன. இம்மொழிகள் மேடையில் நடப்பதையும் அதைப் பார்க்கும் கண்ணையும் நோக்குகின்றன. ஆங்கிலம் பார்ப்பவரின் அதுவரையிலான ஆயுள் முழுவதையும் திரும்பிப் பார்த்து, அதற்குள் இத்தகைய காட்சி எத்தனை என்று எண்ணி, ஒன்று என்ற விடையைச் சொல்கிறது. பேசும் கணம் அந்தக் கணக்கின் கடைசி வரி. ஆகவேதான் கணக்கு முழுவதையும் தழுவும் வடிவம் அங்கே வேண்டியிருக்கிறது. இரண்டாம் முறை, மூன்றாம் முறை என எந்த எண் வந்தாலும் வினைவடிவம் மாறாமல் நிற்பதற்கும் இதுவே காரணம்.

இதைவிட நுட்பமான சான்று 'எவர்' என்ற ஆங்கிலச் சிறுசொல்லில் கிடைக்கிறது. எதிர்மறையிலும் வினாவிலும் இயல்பாக வந்து, உடன்பாட்டு வாக்கியத்தில் பெரும்பாலும் பொருந்தாமல் நிற்கும் இச்சொல், முதல் முறையைச் சொல்லும் உடன்பாட்டு வாக்கியத்தில் "ஐ ஹேவ் எவர் சீன்" என்று தயக்கமின்றி வந்து அமர்கிறது. காரணம், முதல் முறை என்பதற்குள் 'இதற்கு முன் இல்லை' என்ற மறுப்பு ஒளிந்திருக்கிறது. அம்மறுப்பை வெளியே எடுத்துச் சொன்னால் தமிழும் நிகழ்காலத்தைக் கைவிட்டு, "இதற்குமுன் பார்த்ததில்லை" என்று கடந்ததைத் திரட்டிச் சொல்லும் வடிவத்துக்கு மாறிவிடுகிறது. அதன் உடன்பாட்டு இணையான "பார்த்ததுண்டு" என்பதும், "நான் பார்த்ததிலேயே சிறந்த ஆட்டம்" என்ற வழக்கும் அவ்வகையே. எனவே முதல் முறை பற்றிய ஆங்கில வாக்கியத்தில் ஐயம் எழுந்தால், அதே கருத்தை எதிர்மறையாகத் தமிழில் மனத்துள் சொல்லிப் பார்ப்பது நல்ல உரைகல். பார்த்ததில்லை என்று நாவில் வந்தால் 'ஹேவ் சீன்' தானே பின்தொடரும்.

கணக்கு முடியும் இடம் நகர்ந்தால் வினையும் உடன் நகர்வது அடுத்த அழகு. 1935-இல் அடையாறு பிரம்மஞான சபையின் வைரவிழாவில் ருக்மிணி தேவி மேடையேறியதைப் பற்றி எழுதுபவர், 'இட் வாஸ் த ஃபர்ஸ்ட் டைம்' என்று தொடங்கினால், கணக்கு அந்த நாளிலேயே முடிந்துவிடுவதால், 'ஹேட் டான்ஸ்ட்' என்ற இறந்தகால நிறைவு, அதாவது கடந்துபோன ஒரு புள்ளிக்கு முன்னுள்ளவற்றையும் திரட்டும் வடிவம், அங்கே பொருந்தும். 'த ஃபர்ஸ்ட் டைம் ஷி டான்ஸ்ட்' என்று எண்ணைக் காலக்குறிப்பாக மட்டும் ஆண்டால், எண்ணிக்கை எதுவும் நடக்காததால், எளிய இறந்தகாலமே போதும். அடுத்த மாதம் அரங்கேறவிருக்கும் மாணவியைக் குறித்து 'இட் வில் பி' என்று எதிர்காலத்தில் தொடங்கினாலும், பின்வரும் வினை 'ஹேஸ் டான்ஸ்ட்' என்றே அமைகிறது. பேசுபவர் இன்னும் வராத நாளில் போய் நின்று, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுகிறார்.

வினை காட்டும் காலம் கடிகாரத்தின் காலமாகவே இருக்க வேண்டியதில்லை என்பது தமிழ் இலக்கணத்துக்குப் புதிதன்று. காலம் மூன்று என்று வகுத்த தொல்காப்பியமே அவை ஒன்றன் இடத்தில் மற்றொன்று வருவதற்கும் இடமளித்தது. பவணந்தி முனிவரின் நன்னூல், விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் முக்காலமும் பிறழ்ந்து வரலாம் என்று ஒப்புக்கொண்டு, அதை வழுவமைதியாக, அதாவது குற்றம்போல் தோன்றினும் ஏற்கத்தக்கதாக வைத்தது. திருவான்மியூர் பேருந்து நிலையத்தில் காத்திருக்கும் நண்பரிடம், இன்னும் வீட்டுப் படியையே இறங்காதவர் தொலைபேசியில் "இதோ வந்துட்டேன்" என்று சொல்வது அந்த விரைவின் இன்றைய வாழ்வு. பேசுபவரின் உள்ளம் எங்கே நிற்கிறது என்பதைக் கொண்டு காலத்தைத் தேரும் இப்பழக்கம் தமிழர்க்குக் கைவந்தது. ஆகவே ஆங்கிலத்தின் முதல் முறை வாக்கியத்தை விதியாக மனப்பாடம் செய்வதைவிட, அதைச் சொல்பவர் தம் வாழ்நாளின் எந்த முனையில் நின்று திரும்பிப் பார்க்கிறார் என்று கேட்டுப் பழகுவதே தமிழ் கற்றவருக்கு எளிய வழி. விதி பிழையை மட்டும் தடுக்கும், அக்கேள்வியோ வாக்கியத்தின் சுவையையும் சேர்த்துத் தரும்.