தலையாட்டிய டேட்: யூயூட்டில்ஸும் பொருத்தம் என்கிற வாக்குறுதியும்

ஓப்பன் சோர்ஸில் முதல் பங்களிப்பை எங்கே செய்யலாம் என்று கேட்பவர்களிடம், கொஞ்சம் ரஸ்ட் தெரிந்தால் யூயூட்டில்ஸ் பக்கம் போங்க என்று சொல்வது என் வழக்கம். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனா கூடவே ஒரு விமர்சனத்தையும் சொல்லியாகணும். அங்கே எழுதுகிறவர்களின் திறமை பற்றி எனக்குக் குறையில்லை. எதை அளந்து பார்த்து "இந்தக் கட்டளை முடிந்தது" என்று சொல்கிறோம் என்பதில்தான் குறை.

முதலில் முன்கதை. லினக்ஸில் நாம் தினமும் தட்டுகிற எல்எஸ், கேட், சார்ட், டேட் போன்ற நூற்றுச் சொச்சம் சின்னக் கட்டளைகளின் தொகுப்பு க்னூ கோர்யூட்டில்ஸ். சி மொழியில் எழுதப்பட்டது. இதே கட்டளைகளை ரஸ்ட்டில் முதலிலிருந்து எழுதும் திட்டம் யூயூட்டில்ஸ். பிஎச்பி உலகில் கம்போசர் மூலம் பெயர் பெற்ற ஜோர்டி போகியானோ 2013-இல் தொடங்கியது. ரஸ்ட் 1.0 வந்ததே 2015 மே மாதம்தான். மொழியின் இலக்கணமே மாறிக்கொண்டிருந்த காலத்தில் பிறந்த திட்டம் இது. இப்போது முன்னின்று நடத்துபவர்களில் முக்கியமானவர், டெபியன் உலகில் நெடுங்காலமாக இருக்கும் சில்வெஸ்ட்ர் லெட்ரு.

திட்டத்தின் குறிக்கோள் ஒரே வரி: க்னூ கட்டளையை எடுத்துவிட்டு இதை வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியக்கூடாது. க்னூவிலிருந்து நடத்தை வேறுபட்டால் அது பிழை. "எங்கள் வழி இன்னும் நல்ல வழி" என்ற வாதத்துக்கு இடம் குறைவு.

பார்க்காமல் எழுதுவது

பங்களிக்க வருகிறவர் முதலில் படிக்க வேண்டிய விதி, க்னூவின் மூல நிரலைப் பார்த்து எழுதக்கூடாது என்பது. க்னூவினுடையது ஜிபிஎல் உரிமம், யூயூட்டில்ஸினுடையது எம்ஐடி. அங்கிருந்து எதையாவது எடுத்து எழுதியிருந்தால் அந்த மாற்றத்தைச் சேர்க்க மாட்டார்கள். பிஎஸ்டி உரிமத்தில் இருக்கும் வேறு வடிவங்களைப் பார்க்கலாம். இல்லையென்றால் ஆவணத்தைப் படிக்கணும், கட்டளையை ஓட்டிப் பார்க்கணும். அவ்வளவுதான் வழி.

உரிமத்தை ஜிபிஎல்-லிருந்து எம்ஐடிக்குத் தளர்த்தியது சரியா என்ற சண்டை தனி. நான் பேச வந்தது, அந்த விதி பங்களிப்பவருக்கு என்ன செய்கிறது என்பதைப் பற்றி. அது நம்மை ஒரு கள ஆய்வாளராக மாற்றுகிறது. வருடக்கணக்காகப் பழகிய கட்டளையை, முதல் தடவை பார்ப்பதுபோல் பார்க்க வைக்கிறது.

'ட்ரூ' கட்டளையையே எடுத்துக்குங்க. ஒன்றும் செய்யாமல் "வெற்றி" என்று சொல்லிவிட்டு வெளியேறுவதுதான் அதன் ஒரே வேலை. அது தோற்க முடியுமா? முடியும். ஷெல்லுக்குள் இருக்கும் ட்ரூவை அல்ல, தனி நிரலாக இருக்கும் க்னூ ட்ரூவை எடுத்து, அதன் பதிப்பு எண்ணைக் கேளுங்க. வெளியீட்டை, எப்போதும் நிரம்பி வழியும் வட்டுபோல் நடந்துகொள்ளும் 'டெவ் ஃபுல்' என்ற சாதனக் கோப்புக்குத் திருப்புங்க. ட்ரூ தோல்விக் குறியீட்டோடு வெளியேறும். ஏன்? எழுதச் சொன்னதை எழுத முடியவில்லை; எழுதியதாகப் பொய் சொல்ல அது தயாரில்லை. க்னூவின் ஆவணமே இதைப் பதிவு செய்திருக்கிறது. எனக்கு இது வேடிக்கையாகப் படவில்லை. ஒரு முழுத் தத்துவமே இதில் இருக்கிறது: செய்ய முடியாததைச் செய்ததாகக் காட்டிக்கொள்ளாதே.

இந்த விதிக்கு ஒரு விலையும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் "என்ன நடக்கிறது" என்பது தெரியும். "ஏன் இப்படி" என்பது பல நேரம் மூல நிரலின் குறிப்புகளில்தான் இருக்கும். பல வருடப் பிழைகளின் தழும்புகள் அவை. பார்க்காமல் எழுதுகிறவர் அந்தத் தழும்புகளைத் திரும்பவும் வாங்கித்தான் கற்கணும்.

ரஸ்ட் எங்கே உதவும், எங்கே உதவாது

ரஸ்ட்டால் நினைவகப் பாதுகாப்பு கிடைக்கும் என்பது வெறும் கோஷம் இல்லை. 2024-இல் க்னூவின் 'ஸ்ப்ளிட்' கட்டளையில் ஒரு ஹீப் ஓவர்ஃப்ளோ கண்டுபிடிக்கப்பட்டது. வழக்கமான பாதுகாப்பான ரஸ்ட்டில் எழுதினால் அந்த வகைப் பிழை நினைவகத்தைச் சிதைக்கும் முன்பே நிரல் நின்றுவிடும்.

ஆனா கட்டளை வரியின் உலகம் வேறு சில இடங்களில் ரஸ்ட்டோடு மல்லுக்கு நிற்கிறது. 'யெஸ்' கட்டளை 'ஒய்' என்ற எழுத்தை முடிவில்லாமல் அச்சடிக்கும். அதைப் பைப் வழியாக 'ஹெட்' கட்டளைக்கு அனுப்பினால், ஹெட் பத்து வரி வாங்கிக்கொண்டு கடையைச் சாத்திவிடும். சி நிரலாக இருந்தால் கர்னல் அனுப்பும் சிக்பைப் சிக்னலில் யெஸ் சத்தமில்லாமல் முடிந்துபோகும். ரஸ்ட் நிரலோ தொடக்கத்திலேயே அந்தச் சிக்னலைப் புறக்கணிக்கும்படி அமைத்துக்கொள்கிறது. அதனால் எழுதும் முயற்சி பிழையாகத் திரும்பி வரும். சாதாரண பிரிண்ட் மேக்ரோ அதைப் பார்த்துப் பேனிக் ஆகிக் கத்தும். நினைவகம் பத்திரமாகத்தான் இருக்கு, நடத்தைதான் தப்பு.

கோப்புப் பெயரும் அப்படித்தான். ரஸ்ட்டின் ஸ்ட்ரிங் யுடிஎஃப்-8 ஆக இருந்தே தீரணும். யூனிக்ஸ் கோப்புப் பெயருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சாய்கோடும் பூஜ்ய பைட்டும் தவிர எதுவும் வரலாம். அதனால்தான் பெயர்களுக்கு ஸ்ட்ரிங்கைப் பயன்படுத்தாதே, ஓஎஸ்ஸ்ட்ர் அல்லது பாத் வகையைப் பயன்படுத்து என்று பங்களிப்பு விதிகள் சொல்கின்றன. பேனிக் ஆகாதே, நடுவில் எக்ஸிட் போடாதே என்பவையும் அதே பட்டியலில் உண்டு. நல்ல விதிகள்.

எழுத்தை எண்ணும் விஷயம் தமிழ்க்காரர்களுக்குப் பழகிய தலைவலி. 'தமிழ்' என்ற சொல்லில் நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்கு ஐந்து குறியீடு. வட்டுக்குப் பதினைந்து பைட். க்னூவின் 'கட்' கட்டளையில் எழுத்துவாரியாக வெட்டச் சொல்லும் ஆப்ஷன் பல காலம் பைட்டையே வெட்டிக்கொண்டிருந்தது. முதல் எழுத்தைக் கேட்டால் 'த'வின் மூன்றில் ஒரு துண்டு கிடைக்கும். "வித்தியாசம் என்றால் பிழை" என்று உறுதி எடுத்தவர் இதையும் அப்படியே நகலெடுக்கணுமா? பொருத்தம் என்றால் அடுத்தவரின் ஊனத்தையும் சுமப்பது. இது எளிதான கேள்வி இல்லைங்க.

டேட் கட்டளை சொன்ன பொய்

இப்போ என் குறைக்கு வருகிறேன். 2025 அக்டோபரில் வெளிவந்த உபுண்டு 25.10, யூயூட்டில்ஸை இயல்புநிலைக் கட்டளைகளாக ஏற்றது. பெரிய அங்கீகாரம். சில நாட்களிலேயே ஒரு அறிவிப்பும் வந்தது: சில கணினிகளில் தானியங்கிப் புதுப்பிப்புச் சோதனை நடக்கவில்லை.

காரணம் டேட் கட்டளையின் 'ஆர்' ஆப்ஷன். ஒரு கோப்பைக் காட்டி, இது கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று கேட்பதற்கானது. யூயூட்டில்ஸ் டேட் அந்த ஆப்ஷனை ஏற்றுக்கொண்டது, ஆனா அதற்குரிய வேலை எழுதப்படவில்லை. பிழைச் செய்தி எதுவும் கொடுக்காமல் இப்போதைய நேரத்தைச் சொல்லிவிட்டது.

ஆப்ட்டின் தினசரி ஸ்கிரிப்ட் என்ன செய்யும்? கடைசியாகச் சோதித்த நேரத்துக்கு அடையாளமாக ஒரு கோப்பை வைத்துக்கொள்ளும். அதன் நேரத்தை டேட்டிடம் கேட்டு, போதிய இடைவெளி ஆகிவிட்டதா என்று கணக்குப் போடும். எப்போது கேட்டாலும் "இப்பதான்" என்று பதில் வந்தால் இடைவெளி எப்போதும் பூஜ்யம். அப்புறம் எதற்குப் புதுப்பிப்பு தேடணும்? கதவைத் தட்டி "சாப்பிட்டாச்சா" என்று கேட்டால், உள்ளே அடுப்பே மூட்டாமல் "ஆச்சு" என்று சொன்ன கதை.

நினைவகப் பிழை இல்லை, பேனிக் இல்லை, தோல்விக் குறியீடும் இல்லை. பாதுகாப்பான மொழியில் எழுதிய பாதுகாப்பான நிரல், கணினிக்கு வரவேண்டிய பாதுகாப்புப் புதுப்பிப்புகளைத் தடுத்து நிறுத்தியது. இந்தப் பிழைக்கான திருத்தம் வரவேண்டிய வழியும் அதே தானியங்கிப் புதுப்பிப்புதான். கையால் புதுப்பித்தவர்களுக்கு மட்டும் சிக்கல் இல்லை.

25.10 இடைக்கால வெளியீடு, இப்படிப்பட்டதைக் கண்டுபிடிக்கத்தானே அது என்று உபுண்டு பக்கம் நியாயம் சொல்லலாம். ஓரளவு ஏற்கிறேன். ஆனா யூயூட்டில்ஸ் பக்கம் கேட்க வேண்டிய கேள்வி அப்படியே இருக்கு. ஆதரிக்காத ஆப்ஷனை "தெரியாது" என்று மறுத்திருந்தால், ஸ்கிரிப்ட் உடனே முறையிட்டிருக்கும்; யாராவது பார்த்திருப்பார்கள். எழுதாமல் விட்டது மன்னிக்கக்கூடிய குறை. எழுதியதுபோல் தலையாட்டியதுதான் கேடு. ட்ரூ காட்டிய நேர்மைக்கு நேர் எதிர் இது.

எப்படி இது நழுவியது? யூயூட்டில்ஸ் தன் முன்னேற்றத்தைக் க்னூவின் சோதனைத் தொகுப்பை ஓட்டி அளக்கிறது. எத்தனை தேறின என்ற வரைபடம் பெருமையோடு காட்டப்படுகிறது. புதிதாக வருகிறவரும் தேறாத சோதனை ஒன்றை எடுத்து, பச்சையாக்கி, பங்களிப்பை அனுப்புகிறார். இது உற்சாகம் தரும் ஏற்பாடு, மறுக்கல. ஆனா அந்தக் கோடு ஏறிக்கொண்டிருந்த காலத்தில்தான் டேட்டின் ஓட்டையும் உள்ளே இருந்தது. போன வருடக் கேள்வித்தாளை மட்டும் படித்துவிட்டுப் போகிற பிள்ளை நூற்றுக்கு நூறு வாங்கலாம். பாடம் தெரியும் என்று அதற்கு அர்த்தமில்லை. சோதனைத் தொகுப்பு க்னூ தனக்குத் தானே எழுதிக்கொண்டது. தன்னிடம் ஏற்கெனவே சரியாக இருப்பதை எல்லாம் அது கேள்வியாகக் கேட்டிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

கம்பைலர் பிடித்திருக்காதா என்று கேட்கலாம். யூயூட்டில்ஸ் ஆப்ஷன்களைக் க்ளாப் என்ற நூலகத்தில் ஒவ்வொன்றாகப் பதிவு செய்கிறது. பதிவு செய்த ஆப்ஷனை அப்புறம் எங்கேயும் படிக்கவில்லை என்றால் கம்பைலருக்கு அது தெரியாது. அதே நூலகத்தில் ஆப்ஷன்களை ஒரு ஸ்ட்ரக்டின் புலங்களாக எழுதும் முறையும் உண்டு. அதில் படிக்கப்படாத புலத்தை ரஸ்ட் எச்சரிக்க வாய்ப்பு அதிகம். அதாவது மொழியின் பலத்தை நினைவகத்தோடு நிறுத்திக்கொண்டோம், வாக்குறுதிக்கு அதைப் பயன்படுத்தவில்லை.

பங்களிக்கப் போகிறவருக்கு

ஆகவே, சிவப்பாக இருக்கும் சோதனையைத் தேடுவதோடு நிறுத்தாதீங்க. ஒரு கட்டளையை எடுத்து, அதன் உதவிப் பக்கத்தில் இருக்கும் ஆப்ஷன்களை வரிசையாக எழுதுங்க. ஒவ்வொன்றும் நிரலுக்குள் உண்மையிலேயே எங்கே படிக்கப்படுகிறது என்று தேடுங்க. படிக்கப்படாதது கிடைத்தால், வேலையை எழுத முடியாவிட்டாலும் மறுக்கும் பிழைச் செய்தியாவது எழுதி அனுப்புங்க. பிறகு உங்கள் கணினியிலேயே ஓடிக்கொண்டிருக்கும் ஷெல் ஸ்கிரிப்ட்களைத் திறந்து, அவை இந்தக் கட்டளையை எப்படி அழைக்கின்றன என்று பாருங்க. வட்டு நிரம்பினால், பைப் உடைந்தால், பெயர் யுடிஎஃப்-8 ஆக இல்லாவிட்டால் என்ன ஆகிறது என்று இரண்டு வடிவங்களிலும் ஓட்டி ஒப்பிடுங்க.

இந்த வேலையால் வரைபடத்தில் கோடு ஏறாது. ஆனா ராத்திரி யாரும் பார்க்காத நேரத்தில் ஓடுகிற ஸ்கிரிப்ட்கள் நம்பி நிற்பது இதைத்தான்.