மாதிரி விமானம் சொல்லாதது

தூத்துக்குடிப் பள்ளிக் கண்காட்சிகளில் வைக்கப்படும் போர் விமான மாதிரிகள் அச்சு அசலாகவே இருக்கின்றன. ஆனால், அசலில் எத்தனையில் ஒரு பங்கு என்ற குறிப்பைத்தான் காணோம். இது சிறு குறையன்று. ஐந்தில் ஒரு பங்கு மாதிரியில் இறக்கைப் பரப்பு 25-இல் ஒன்று. அதே பொருள்களால் செய்தால் எடையோ 125-இல் ஒன்று! எனவே அசலின் வேகத்தில் பாதிகூட இல்லாமலே அது எழும்பிவிடும். பறந்துவிட்டதே என்று கைதட்டினால் போதுமா?

பெங்களூரில் மாருத் போர் விமானத்தை உருவாக்கிய குர்ட் டாங்க் குழுவினர், முழு அளவிலேயே மரத்தால் ஒரு கிளைடர் செய்து 1959-இல் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். ஜெட் விமானம் பறந்தது 1961-இல்தான்.

பராமரிப்பு? அலுமினியத் தகட்டில் இரும்புத் திருகாணி. மேலே நம் உப்பளக் காற்றின் ஈரம். அங்கே ஒரு மின்கலமே உருவாகி, அலுமினியம் அரிபடுகிறது. திருகாணிக்கடியில் ரப்பர் வளையம் இட்டு, நல்ல தண்ணீரால் துடைத்து உலர்த்தியிருக்கலாம். வண்ணம் பூசியே மறைத்திருக்கிறார்கள்.