லயமும் லீவும்: எல்லைத் தமிழில் ஆங்கிலச் சொற்களின் பொருள்நுட்பம்

பாலக்காடு, இடுக்கி மாவட்ட எல்லைப்பகுதித் தமிழரிடையே வழங்கும் ஆங்கிலச் சொற்கள் அனைத்தையும் ‘மொழிச் சிதைவு’ என ஒதுக்கும் போக்கு உண்டு. பொருள்நுட்பத்தை அளவுகோலாகக் கொண்டு நோக்கின் இக்கருத்து முழுமையும் ஏற்புடையதன்று.

மூணாறு, பீர்மேடு தோட்டங்களில் வழங்கும் ‘லயம்’ ஆங்கில ‘லைன்ஸ்’ என்பதன் திரிபாகும். ஆங்கிலத்தில் கோடு, வரிசை எனப் பல பொருள் தரும் அச்சொல், இங்குத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பை மட்டுமே சுட்டுகிறது. ஒலி திரிந்தது, பொருளோ கூர்மை பெற்றது.

‘லீவு’ இதற்கு மாறானது. ஆங்கிலத்தில் ‘லீவ்’, ‘ஹாலிடே’ எனவும், எழுத்துத் தமிழில் விடுப்பு, விடுமுறை எனவும் வேறுபடும் இரண்டையும் பேச்சில் இவ்வொரு சொல்லே குறிக்கிறது. மலையாள ‘அவதி’யும் இரண்டுக்கும் பொது. அதனை அப்படியே தமிழில் எழுதினாலோ துன்பம் என்ற பொருளே தோன்றும்.

இவ்வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், வயதுவந்தோர்க்கு 20 நாள் வேலைக்கு 1 நாள் என ஊதியத்துடன் கூடிய விடுப்பை வகுத்தது. இடையில் வரும் விடுமுறை நாள் விடுப்புக் கணக்கில் சேராது எனவும் விதித்தது. இரண்டிடத்தும் ‘லீவு’ என மொழிபெயர்த்தால் விதி பொருளற்றதாகிவிடும். தொழிலாளி தமக்குரிய நாளைக் கேட்டுப் பெறவும் சொல்லின்றி நிற்பார்.

எனவே, சொல் எம்மொழியினின்று வந்தது என்பதைவிட, எவ்வேறுபாட்டைக் காக்கிறது அல்லது அழிக்கிறது என்பதே மதிப்பீட்டுக்கு அடிப்படையாதல் வேண்டும். உரையாடலை மொழிபெயர்ப்போர் ‘லீவு’ என்பதைப் பேணலாம். சட்டத்தை மொழிபெயர்ப்போர் அதனைப் பிரித்தே எழுதவேண்டும்.