ஆளில்லாத காடு

நம் தோட்டத்துக் கதைகளில் காடு பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். புலி இருக்கும், பாம்பு இருக்கும், மலேரியாக் காய்ச்சல் இருக்கும். மனுசன் மட்டும் இருக்க மாட்டான். தாத்தா வந்து வெட்டுவார், பால்மரம் நடுவார், அங்கிருந்து கதை ஆரம்பிக்கும். இதைப் படித்து வளர்ந்த எனக்கு முதல் சந்தேகத்தைக் கொடுத்தது ஒரு நாவல் இல்லை, 2002-இல் வந்த ஒரு உயர் நீதிமன்றத் தீர்ப்பு: சகோங் தாசி எதிர் சிலாங்கூர் மாநில அரசு.

1995-இல் கேஎல்ஐஏ விமான நிலையத்துக்குப் போகும் நெடுஞ்சாலைக்காக, டெங்கில் பக்கத்தில் புக்கிட் தம்போய் கம்பத்தில் ஏறக்குறைய 38 ஏக்கர் எடுக்கப்பட்டது. அங்கே தலைமுறைகளாக இருந்தவர்கள் தெமுவான் மக்கள். வீட்டுக்கும் பயிருக்கும் பழமரத்துக்கும் காசு கொடுத்தார்கள். மண்ணுக்கு ஒரு சென்கூட இல்லை. மண் அரசாங்கத்துடையது, இவர்கள் அதில் இருக்க விடப்பட்டவர்கள், அவ்வளவுதான் என்பது அரசின் வாதம். 1954-ஆம் ஆண்டுப் பூர்வகுடி மக்கள் சட்டமும் அதற்கு வசதியாகவே எழுதப்பட்டிருக்கிறது. மரத்துக்கு இழப்பீடு என்று தெளிவாகச் சொல்லும் சட்டம், நிலம் என்று வந்தால் அரசு ‘கொடுக்கலாம்’ என்று முனகும்.

சாலை வேலையில் இருப்பவனுக்கு இந்தக் கணக்கு புதுசில்லை. எங்கள் பி.கியூ.வில் ஆரம்பத்திலேயே ‘சைட் கிளியரன்ஸ்’ வந்துவிடும். மரத்தின் சுற்றளவு, எண்ணிக்கை, ரேட். வெட்டுவதற்கான காசு அது. அந்த மரத்தை நட்டது யார் என்று எழுத அதில் கட்டம் கிடையாது.

தீர்ப்பு அந்தக் கட்டத்தைத் திறந்தது. பூர்வகுடிகளின் வாய்மொழி வரலாற்றை, சாட்சிச் சட்டத்தின் வரம்புக்குள், சாட்சியமாக ஏற்கலாம் என்றார் நீதிபதி. பாட்டி சொன்ன கதைக்கு நீதிமன்றத்தில் மதிப்பு என்றால் இலக்கிய வாசகனுக்குச் சும்மா விஷயமா? தொழிற்சாலை வேலைக்குப் போகிறார்கள், வேறு மொழியும் பேசுகிறார்கள் என்பதால் ஒருவர் தெமுவான் இல்லாமல் போய்விட மாட்டார் என்றும் தீர்ப்பு சொன்னது. ‘பூர்வகுடி’ என்றதும் ஊதுகுழலோடு நிற்கும் உருவத்தைத் தேடுகிற நம் மனசுக்கும் இது பதில்தான்.

ஆனால் உரிமை குடியிருப்பு நிலத்தோடு நின்றது. உணவும் பொருளும் தேடி அலைந்த காடு கணக்கில் வரவில்லை. இங்கே எனக்கு ஏமாற்றம்தான். ஏனென்றால் அதற்கு முந்தைய அடோங் குவாவ் வழக்கில், ஜொகூரில் லிங்கியு அணைக்காக நிலம் இழந்த ஜாகுன் மக்களுக்கு, நடமாடும் சுதந்திரம், காட்டுப் பொருள்கள், வரப்போகும் சந்ததியின் வாழ்வு எல்லாவற்றையும் இழப்பாக எண்ணி 26.5 மில்லியன் ரிங்கிட் விதித்தார்கள். (அது சிங்கப்பூரின் தண்ணீருக்காகக் கட்டிய அணை. அந்தப் பக்கத்து வாசகர்களும் கேட்டுக்கொள்ளலாம்.)

சகோங் தாசி வழக்கு 2005-இல் மேல்முறையீட்டிலும் வென்று, 2010-இல் 6.5 மில்லியன் ரிங்கிட் சமரசத்தில் முடிந்தது. நிலம் போய்ப் பதினைந்து வருசம். அதற்குள் அந்த ரோட்டில் எத்தனை கார் ஓடியிருக்கும்!

அதே தொண்ணூறுகளில்தான் புத்ராஜெயாவுக்காக பிராங் பெசார் முதலான தோட்டங்கள் காலியாயின. நம்மவர்களைக் கொண்டுபோய்க் குடிவைத்த அடுக்குமாடி வீடுகளும் அதே டெங்கிலில்தான். இரண்டு இழப்பும் ஒன்றில்லை. நம்மவர்கள் இழந்தது முதலாளியின் நிலத்தில் இருந்த வேலையும் லயமும் கோயிலும். தெமுவான்கள் இழந்தது சொந்த மண். தோட்டம் போன துயரத்தை நாம் நிறையவே எழுதிவிட்டோம், அதில் நல்ல கதைகளும் உண்டு. ஆனால் நான் படித்த வரையில், பக்கத்துக் கம்பத்து ஆள் எவரும் அவற்றில் ஒரு பெயரோடு வந்து நிற்கவில்லை. வந்தால் அந்தத் தாத்தாவின் முதல் வெட்டு வீரமாகவே இருக்குமா? அந்தக் கேள்வியைத் தாங்கும் ஒரு சிறுகதைக்காகத்தான் காத்திருக்கிறேன்.

அதுவரை, செமாய் எழுத்தாளர் அகியாவின் நாவல் ‘பெராங் சங்கில்’ இருக்கிறது. மலாயில்தான் எழுதியிருக்கிறார். எஸ்.பி.எம். வரைக்கும் அந்த மொழியில் கட்டுரை எழுதித் தேறியவர்கள் நாம். மொழிபெயர்ப்பு வரட்டும் என்று சாக்குச் சொல்ல முடியாது.