துயரத்துக்குச் சுருதி சேர்த்தவர்கள்

1775-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஜெர்மனியின் லைப்சிக் நகரசபை ஒரு விசித்திரமான தடையைப் போட்டது. முந்தைய ஆண்டு அதே ஊரில் வெளிவந்திருந்த கதேயின் ‘இளம் வெர்தரின் துயரங்கள்’ நாவலை விற்கக் கூடாது. அதோடு, அந்த நாவலின் நாயகன் அணியும் நீலக் கோட்டையும் மஞ்சள் உள்சட்டையையும் போட்டுக்கொண்டு யாரும் ஊருக்குள் திரியக் கூடாது. காதல் கைகூடாமல் தன்னைச் சுட்டுக்கொள்ளும் வெர்தரின் உடை அப்போது ஐரோப்பிய இளைஞர்களுக்குச் சீருடைபோல ஆகியிருந்தது. படித்த புத்தகத்தின் சோகத்தை உடம்பில் அணிந்து தெருவில் நடக்கலாம் என்பது அந்தத் தலைமுறை கண்டுபிடித்த வித்தை. பெரியவர்கள் மிரண்டுபோனார்கள்.

அதே லைப்சிக்கில் 1992 முதல், கொரோனா ஆண்டுகள் நீங்கலாக, பெந்தெகொஸ்தே வாரயிறுதியில் சுமார் 20,000 பேர் கூடுகிறார்கள். கறுப்பு லேஸ், கறுப்பு வெல்வெட், வெளுப்பு பூசிய முகம், மை அப்பிய கண். முதல் நாள் பிற்பகல் கிளாரா செட்கின் பூங்காவில் விக்டோரியா காலத்து ஆடைகளில் குடைபிடித்து அமர்ந்து கேக் சாப்பிடுகிறார்கள். கோத் இசை ரசிகர்களின் ‘வேவ் கோட்டிக் ட்ரெஃபன்’ விழா இது. விழாவின் நுழைவுச்சீட்டைக் காட்டினால் நகரத்து டிராமில் இலவசமாகப் போகலாம். சோகத்தின் உடையை ஒரு காலத்தில் தடை செய்த ஊர், இன்று அந்த உடைக்காரர்களை டிராமில் ஏற்றிக்கொண்டு போகிறது. இடையில் கம்யூனிச ஆட்சியில் இத்தகைய உடையணிந்த இளைஞர்களைக் கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸ் வேவு பார்த்ததும் உண்டு.

வெர்தரிலிருந்து ஆங்கில ரொமாண்டிக் கவிஞர்கள் வழியாக கோத் இசைக்கு வரும் இந்த உறவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கல்லறை, நிலா, இரவு, மரணம் என்று பட்டியல் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். பட்டியலில் தப்பில்லை. ஆனால் கல்லறையைப் பாடினால் மட்டும் கவிதை வந்துவிடாது. 18-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே இங்கிலாந்தில் கல்லறைக் கவிஞர்கள் என்று ஒரு கூட்டம் இருந்தது. தாமஸ் கிரேயை விட்டால் அவர்களில் மற்றவர்களை இன்று ஆராய்ச்சி மாணவர்கள்தான் புரட்டுகிறார்கள். என் கட்சி வேறு. கீட்ஸும் கோல்ரிட்ஜும் செய்ததையும் 1979 முதல் சில இங்கிலாந்துப் பையன்கள் செய்ததையும் இணைப்பது தொழில்நுட்பம். துயரத்தைக் கொட்டித் தீர்க்காமல், அதற்கு அளவும் அமைப்பும் கொடுத்து, கேட்பவர் அதற்குள் போய்ச் சற்று நேரம் இருந்துவிட்டு வரும்படி செய்தார்கள்.

காதுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு பாடல். 1979 ஜனவரியில் வெல்லிங்பரோவின் சிறு ஸ்டூடியோ ஒன்றில், உருவாகிச் சில வாரங்களே ஆகியிருந்த பவுஹவுஸ் என்ற நார்தாம்ப்டன் குழு ‘பெலா லுகோசி இறந்துவிட்டார்’ என்ற பாடலைப் பதிவு செய்தது. நீளம் ஒன்பது நிமிடத்துக்கும் மேல். முதலில் டிரம்ஸின் விளிம்பில் குச்சி தட்டும் ஓசை மட்டும்; அது எக்கோவில் சிதறி, காலியான கட்டடத்துக்குள் தட்டுவதுபோலத் திரும்பி வருகிறது. பிறகு பேஸ் கிட்டார் நிதானமாகப் படியிறங்கும் சுரங்களை வாசிக்கிறது. அதற்கு மேலே கிட்டார் ராகம் எதுவும் பாடாமல் கீறுகிறது, கிறீச்சிடுகிறது. பீட்டர் மர்ஃபியின் குரல் வருவதற்குள் கிட்டத்தட்ட மூன்று நிமிடம் போய்விடுகிறது. சினிமாப் பாட்டாக இருந்தால் பல்லவியும் முதல் சரணமும் முடிந்திருக்கும். இங்கே பாட்டுக்கு இடம் ஒழித்துத் தரும் வேலையே இன்னும் முடியவில்லை.

இந்தத் தாமதம் கோல்ரிட்ஜுக்குத் தெரிந்த தந்திரம். 1798-ல் அவரும் வேர்ட்ஸ்வொர்த்தும் சேர்ந்து வெளியிட்ட ‘லிரிக்கல் பேலட்ஸ்’ தொகுப்பில் வரும் முதிய மாலுமி, கல்யாணவீட்டு வாசலில் விருந்தாளி ஒருவனை மறித்துக் கதை சொல்லத் தொடங்குகிறான். உள்ளே மேளதாளம் கேட்கிறது; விருந்தாளியால் நகர முடியவில்லை. கவிதையின் உருவம் எளிமையானது. நாட்டுப்புறப் பாடலின் நாலடிக் கண்ணிதான். அதையே திரும்பத் திரும்பச் சொல்லி, சில இடங்களில் மட்டும் நாலடியை ஐந்தாகவோ ஆறாகவோ நீட்டுகிறார் கோல்ரிட்ஜ். கட்டு இறுக்கமாக இருப்பதால்தான் அந்தச் சிறு மீறல் நெஞ்சில் உறைக்கிறது. லீட்ஸ் நகரத்து ‘சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி’ குழுவினர் டிரம்ஸ் வாசிக்க ஆள் வைக்காமல் ஒரு டிரம் மெஷினை வைத்துக்கொண்டு, அதற்கு ‘டாக்டர் அவலாஞ்ச்’ என்று பெயரும் சூட்டினார்களே, அதுவும் இதே கணக்குத்தான். தாளம் இம்மி பிசகாது. குரல் மட்டும் தத்தளிக்கும்.

பவுஹவுஸ் பாடலின் தலைப்புக்குள்ளேயே ஒரு வம்சாவளி ஒளிந்திருக்கிறது. 1815-ல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்துக் கிளப்பிய தூசியால் அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடை காணாமல் போனது. அந்த மழையில் ஜெனீவா ஏரிக்கரை மாளிகையில் அடைந்துகிடந்த பைரனும் நண்பர்களும் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவதென்று முடிவு செய்தார்கள். மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ அங்கே கருக்கொண்டது ஊரறிந்த கதை. பைரனின் மருத்துவராகக் கூட இருந்த பாலிடோரி, அங்கே பிறந்த கதையொன்றின் தூண்டுதலில் எழுதிய ‘தி வேம்பயர்’ 1819-ல் வெளிவந்தது. அதில் வரும் ரத்தக்காட்டேரி ஒரு பிரபு; அழகன், அலட்சியக்காரன், பெண்களை அழிப்பவன். தன் எஜமானைப் பார்த்துத்தான் பாலிடோரி அந்த உருவத்தை வரைந்தார். அந்தப் பிரபுவின் வாரிசாக 1897-ல் பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா வந்தான்; 1931-ல் பெலா லுகோசி அவனுக்குத் திரையில் முகம் கொடுத்தார். ஆக, கோத் இசையின் முதல் பெரிய பாடல் யாருக்கு இரங்கற்பா பாடுகிறது என்று நூல்பிடித்துப் போனால் பைரனின் வீட்டு வாசலில் போய் நிற்போம்.

மான்செஸ்டரில் இன்னொரு முடிச்சு. 1819 ஆகஸ்டில் அந்நகரின் செயின்ட் பீட்டர்ஸ் திடலில் வாக்குரிமை கேட்டுக் கூடிய மக்கள்மீது குதிரைப்படை பாய்ந்தது. இத்தாலியில் இருந்த ஷெல்லி, செய்தி கேட்டுக் கொதித்து நெடுங்கவிதை ஒன்று எழுதினார். அதை அச்சில் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. பாரதி ‘ஷெல்லிதாசன்’ என்று புனைபெயர் வைத்துக்கொண்டது இந்தச் சூட்டுக்காகவும்தான் இருக்க வேண்டும். அந்தத் திடலில் பின்னால் ஃப்ரீ டிரேட் ஹால் எழுந்தது. அதன் சிறு அரங்கில் 1976 ஜூன் 4 அன்று செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு வாசித்ததைக் கேட்கப் போனவர்களில் பெர்னார்ட் சம்னரும் பீட்டர் ஹூக்கும் உண்டு. இருவரும் வாத்தியம் வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். பாடகர் இயன் கர்ட்டிஸ் சேர்ந்தார். ஜாய் டிவிஷன் பிறந்தது.

இந்தக் குழு தன்னை கோத் என்று சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் கோத் இசைக்கு ஒலியின் இலக்கணத்தை எழுதித் தந்ததில் இவர்களுக்குப் பெரும்பங்கு. கிட்டார் இரைச்சலில் தன் வாசிப்பு தனக்கே கேட்கவில்லை என்று ஹூக் பேஸ் கிட்டாரின் மேல்சுரங்களுக்கு ஏறினார். அடியில் கிடக்க வேண்டிய வாத்தியம் பாட்டின் முன்னால் வந்து ராகம் பாடத் தொடங்கியது. 1979-ல் வெளிவந்த ‘அன்னோன் பிளெஷர்ஸ்’ ஆல்பத்தைத் தயாரித்த மார்ட்டின் ஹன்னெட், டிரம்ஸின் உறுப்புகளைத் தனித்தனியே வாசிக்கச் சொல்லிப் பதிந்து, டிஜிட்டல் டிலே கருவியால் ஒவ்வோர் ஓசையைச் சுற்றியும் வெற்றிடம் வைத்தார். இன்னும் முரட்டுத்தனமான ஓசையை எதிர்பார்த்த சம்னருக்கும் ஹூக்குக்கும் அது பிடிக்கவில்லை. நமக்கு அந்த வெற்றிடம்தான் பிடித்திருக்கிறது. உன்னதம் பற்றி எட்மண்ட் பர்க் 1757-ல் எழுதிய நூலில், இருளும் தெளிவின்மையும் எல்லை தெரியாத விரிவும் மனத்தைப் பெரிதும் உலுக்கும் என்று வாதிட்டார். ரொமாண்டிக் கவிஞர்கள் அந்த விரிவை ஆல்ப்ஸ் மலையில் தேடினார்கள். ஆலை மூடிய ஊர்ப் பையன்களுக்கு மலைக்கு எங்கே போவது? ரிவெர்ப் என்ற எதிரொலியில் அதைக் கட்டிக்கொண்டார்கள்.

கோத் இசையைக் கேட்டறியாதவர்களுக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது தி கியூர் குழுவின் ‘டிஸ்இன்டக்ரேஷன்’ ஆல்பத்தை. 1989-ல் வந்தது. பெரிய படைப்பைச் செய்வதென்றால் முப்பது வயதுக்குள் செய்துவிட வேண்டும் என்ற பதற்றத்தோடு ராபர்ட் ஸ்மித் அதில் இறங்கினார். கீட்ஸ் தன் புகழ்பெற்ற ஓட் கவிதைகளை எழுதிய 1819-ல் அவருக்கு வயது 23. இரண்டாண்டுகளில் ரோம் நகரில் காசநோய்க்குப் பலியானார். காலம் குறைவு என்ற உணர்வு இருவருக்கும் பொதுவாக இருந்தும் இருவருமே அவசரப்படவில்லை என்பதுதான் வியப்பு. முதல் பாடலான ‘பிளெய்ன்சாங்’கில் மணிகளின் சிணுங்கலுக்குப் பிறகு சிந்தசைசர் மடை திறந்ததுபோல வந்து விழுகிறது. பேஸ் கிட்டார் மெதுவாக நடக்கிறது. இரண்டு நிமிடத்துக்கும் மேல் கழித்து வரும் குரல், அத்தனை பெரிய ஓசைக்கு நடுவில் அரைக்குரலில் பேசுகிறது. ஆர்ப்பாட்டமான இசைக்கு ஈடாகக் கத்தியிருந்தால் அது வெறும் ஒப்பாரி. குரலை அடக்கியதால் அது கவிதையாகிறது.

கீட்ஸின் இராப்பாடிப் பறவைக் கவிதையில் இதே அடக்கத்தைக் காணலாம். ஒவ்வொரு பத்தியிலும் பத்து அடிகள். எல்லாம் ஒரே நீளம், எட்டாவது அடி மட்டும் குட்டை. நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி முச்சீராகக் குறைந்து, கடைசி அடி மறுபடி நிமிருமே, அந்த ஓசை பழகிய காதுக்குக் கீட்ஸின் எட்டாம் அடி சட்டென்று பிடிபடும். மூச்சு அங்கே ஒரு கணம் இறங்குகிறது, பிறகு மீண்டும் நிறைகிறது. பறவையின் பாட்டில் கரைந்துபோய்ச் செத்துவிடலாம் என்று மயங்குகிற கவிதை, எட்டுப் பத்தியிலும் ஒரே இடத்தில் தவறாமல் மூச்சு வாங்கிக்கொள்கிறது. மயக்கம் பொருளில், விழிப்பு யாப்பில்.

உடையும் இந்த யாப்பைச் சேர்ந்ததுதான் என்பேன். பைரன் திறந்த காலரோடு ஓவியத்துக்கு அமர்ந்ததும், உடம்பு பருத்துவிடக் கூடாதென்று பட்டினி கிடந்ததும் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. பாடகி சூக்ஸி சூ மௌனப்பட நாயகிகளைப்போலக் கண்ணைக் கறுப்பாக்கி மேடையேறியபோது, லண்டன் சோஹோவில் 1982-ல் தொடங்கிய பேட்கேவ் கிளப்பில் பையன்கள் கிழிந்த வலைச்சட்டையும் லிப்ஸ்டிக்கும் அணிந்து வந்தபோது, சொந்தத் துயரம் ஒரு பாத்திரமாக மாறியது. வேஷம் கட்டியபின் அதைத் தள்ளி நின்று பார்க்கலாம், கொஞ்சம் சிரிக்கவும் செய்யலாம். கோத் இளைஞர்களிடம் பழகியவர்களுக்கு அவர்களுடைய நகைச்சுவை தெரியும்.

வேஷத்துக்கு விலையும் உண்டு. 2007-ல் லங்காஷயரின் பாகப் ஊர்ப் பூங்காவில் கோத் உடையில் இருந்த 20 வயதுப் பெண் ஒருத்தி, அந்தத் தோற்றத்துக்காகவே அடித்துக் கொல்லப்பட்டாள். அதன் தொடர்ச்சியாக 2013 முதல் கிரேட்டர் மான்செஸ்டர் காவல்துறை இத்தகைய தாக்குதல்களை வெறுப்புக் குற்றங்களாகப் பதிவு செய்கிறது.

குறை சொல்லவும் இடமிருக்கிறது. ஷெல்லியின் அரசியல் கோபம் கோத் இசைக்குள் அதிகம் வந்து சேரவில்லை. சாவுக்கு வெளியே உள்ள அநீதிகளைப் பற்றி அது பொதுவாக வாய் திறப்பதில்லை. அதைவிட மோசமானது, இளஞ்சாவை அலங்கரிக்கும் பழக்கம். 1770-ல் 17 வயதில் நஞ்சுண்டு இறந்த கவிஞன் சாட்டர்ட்டனை ரொமாண்டிக் கவிஞர்கள் புனிதனாக்கினார்கள். 1980 மே மாதம் 23 வயதில் தற்கொலை செய்துகொண்ட இயன் கர்ட்டிஸை ரசிகர்கள் அப்படியே ஆக்கினார்கள். வலிப்பு நோயோடும் மனச்சோர்வோடும் போராடிய மனிதர் அவர். உரிய சிகிச்சையும் ஓய்வும் கிடைத்திருந்தால் இன்னும் பத்து ஆல்பம் செய்திருக்கலாம். அந்தப் பாடல்கள் அவர் செத்ததால் பெரியவை ஆகிவிடவில்லை. உயிரோடிருந்து ஒத்திகை பார்த்து வாசித்ததால் பெரியவை.

ஸ்மித் பழைய கவிதைகளை விடாமல் படிக்கிறவர். கீட்ஸுக்கு ஷெல்லி எழுதிய இரங்கற்பாவின் பெயரிலேயே, ‘அடோனைஸ்’ என்று, கியூர் 1996-ல் ஒரு பாடல் வெளியிட்டது. 2024 நவம்பரில், 16 ஆண்டு இடைவெளிக்குப் பின் வந்த ‘சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்’ ஆல்பத்தின் முதல் பாடலுக்கு எர்னஸ்ட் டௌசனின் கவிதை ஒன்று விதையாக இருந்தது. பிரிட்டனில் அந்த ஆல்பம் விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போனது. அது வெளிவந்தபோது ஸ்மித்துக்கு வயது 65. அதில் அண்ணனின் சாவைப் பாடுகிறார். முடி இன்னும் பறந்துகொண்டிருக்கிறது, உதட்டுச் சாயம் இன்னும் கலைந்திருக்கிறது. இப்போதும் குரல் வரக் காத்திருக்க வைக்கிறார்.

ரொமாண்டிக் கவிஞர்களில் கீட்ஸ் 25 வயதிலும் ஷெல்லி 29 வயதிலும் பைரன் 36 வயதிலும் போய்விட்டார்கள். எண்பது வரை இருந்த வேர்ட்ஸ்வொர்த் அரசவைக் கவிஞராகி நீர்த்துப்போனார் என்று விமரிசகர்கள் இன்றும் வருந்துகிறார்கள். இளமையின் துயரத்தை முதுமை வரை எடுத்துப்போவது எப்படி என்று சொல்லித்தர அந்தத் தலைமுறையில் ஆளில்லாமல் போயிற்று. கோத் இசையில் அதற்கு ஆள் இருக்கிறது. லைப்சிக் பூங்காவில் ஐம்பதைத் தாண்டியவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். பருவக்கோளாறு, வளர்ந்தால் சரியாகிவிடும் என்று வீட்டுக்கு வீடு சொல்லப்பட்ட ஒன்றை நாற்பது ஆண்டுகளாகப் பயின்று ஒரு தேர்ச்சியாக்கிக்கொண்டவர்கள் இவர்கள். வெர்தரின் கோட்டைக் கண்டு மிரண்ட நகரசபை அன்று யோசிக்கத் தவறியது, அந்த உடையை அணிந்தவர்களில் ஆகப் பெரும்பாலோர் நீண்டநாள் வாழத்தான் போகிறார்கள் என்பதை.