தனபாலும் ஈரக்களிமண்ணும்

எஸ். தனபால் (1919–2000) குறைவாகவே செய்தார் என்று ஒரு குறை சொல்லப்படுவதுண்டு. ஆசிரியத் தொழில் சிற்பியைத் தின்றுவிட்டது என்பது இதன் உட்கிடை. ஆசிரியனை மேடையில் புகழ்ந்துவிட்டுக் கலைஞனை எண்ணிக்கையில் தோற்கடிக்கிற இந்தக் கணக்கு எனக்குச் சம்மதமில்லை.

மயிலாப்பூரில் பிறந்த தனபால், சென்னை ஓவியப் பள்ளியில் தேவிபிரசாத் ராய் சௌத்ரியிடம் ஓவியம் பயின்றவர். அங்கேயே ஆசிரியரானார். 1957இல் ராய் சௌத்ரி விலகியபின் சிற்பத்துறை இவர் கைக்கு வந்தது. 1972 முதல் 1977 வரை கல்லூரி முதல்வர்.

மெரினாவில் பாறையைப் பெயர்க்கும் நால்வரை (உழைப்பாளர் சிலை, 1959) எல்லோருக்கும் தெரியும். குருவின் அந்தத் தசைநார்களைத் தனபால் எடுத்துக்கொள்ளவில்லை. இவருடைய ஔவையில் உடற்கூறு பின்வாங்கி, முதுமையே உருவமாகிவிடுகிறது. திரு.வி.க., பெரியார் தலைகளில் களிமண்ணை அப்பிய விரலின் வேகம் வார்ப்புக்குப் பிறகும் மிஞ்சியிருக்கிறது.

களிமண்ணைப் பற்றி ஒரு விஷயம். 1850இல் அலெக்ஸாண்டர் ஹண்டர் தொடங்கிய இந்தப் பள்ளியின் ஆரம்ப அக்கறை கைத்தொழில்தான். மண்பாண்டமும் அதில் சேர்த்தி. பின்னால் கலை என்ற சொல் வந்து உட்கார்ந்ததும் சூளை ஒரு படி கீழே போயிற்று. சிற்பியின் அறையில் களிமண் வெறும் இடைநிலை. அச்செடுத்ததும் அது பிய்த்தெறியப்படுகிறது. செராமிக் அறையிலோ அதே மண் நெருப்புக்குள் போய்த் தானாகவே வெளிவருகிறது.

தனபாலின் ஆசிரியத்துவம் முதல் வகை என்று எனக்குப் படுகிறது. பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டி உருவாக்கினார். கானாயி குஞ்ஞிராமன் மலம்புழாவில் யக்ஷியைக் (1969) கான்கிரீட்டில் உட்கார்த்தினார். இதே கல்லூரியில் படித்து, அங்கேயே செராமிக் துறையில் ஆசிரியராக இருந்த சி. தட்சிணாமூர்த்தி (1943–2016) சுடுமண்ணை இடைநிலையாக விடாமல் முடிவான உருவமாக்கினார், கருங்கல்லுக்கும் போனார். இவர்களில் ஒருவரிடமும் தனபாலின் சாயல் இல்லை. அச்சு கழன்றுவிட்டது, மண்ணும் போய்விட்டது, வார்ப்புகள் நிற்கின்றன.

இதற்கு விலை இல்லாமலில்லை. கோப்புகளுக்குள் போன பொழுதுகள் சிற்பமாகத் திரும்புவதில்லை. செய்யப்படாத சிலைகளுக்காக நாம் வருத்தப்படத்தான் வேண்டும். ஆனால் அந்த வருத்தத்தை வைத்துக்கொண்டு, செய்யப்பட்டவற்றைச் சிறுமைப்படுத்தக் கூடாது. ஒரு ஔவை போதும், ஒருவர் சிற்பியா இல்லையா என்று தீர்மானிக்க.

நம் இலக்கிய வட்டங்களில் சீடனின் இரண்டாவது வாக்கியத்திலேயே ஆசானைக் கண்டுபிடித்துவிடலாம். அதைப் பாதிப்பு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். தன் விரல்ரேகையைத் தன் வேலையில் மட்டும் விட்டு, மாணவர்களிடம் துடைத்துவிட்ட ஒருவரைக் குறைவாகச் செய்தவர் என்று சொல்லும் முன், நாம் கொஞ்சம் யோசிக்கலாம்.