நினைவாக நெய்யப்படும் டார்டன்: பார்த்து ரசிக்கும் முறை

மறைந்த ஒருவரின் நினைவாகத் தனியொரு டார்டனை, அதாவது ஸ்காட்லாந்து மரபைச் சேர்ந்த கட்டம்போட்ட கம்பளித் துணியை, புதிதாக வடிவமைத்து நெய்விக்கும் வழக்கம் இன்று அந்நாட்டின் நெசவாலைகளுக்குப் பழகிப்போன ஒன்றாகும். இலங்கை மலையகத்தின் நோட்டன் பிரிட்ஜ் வட்டாரத்து வாசகருக்கு ஸ்காட்லாந்து முற்றிலும் அந்நியமான நாடும் அன்று. கெசல்கமு ஓயாவில் 98 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீர்வீழ்ச்சி அபர்டீன் என்னும் ஸ்காட்லாந்து நகரத்தின் பெயரையே தாங்குகிறது. டிக்கோயாப் பக்கத்து டன்கெல்ட், ஹட்டனை அடுத்த ஸ்ட்ரதன், தலவாக்கலையின் ஹோலிரூட் ஆகிய தோட்டங்களின் பெயர்களும் அங்கிருந்து வந்தவையே. 1852இல் இலங்கைக்கு வந்து, 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரும் அபர்டீனுக்குத் தெற்கேயுள்ள கின்கார்டின்ஷயர் பகுதியில் பிறந்தவர். ஸ்காட்லாந்திலிருந்து வந்த தோட்டத் துரைமார் தாம் விட்டுவந்த ஊர்களை இவ்வாறு பெயர்களில் தேக்கி வைத்தார்கள். அவர்களுடைய நாட்டில் மனிதர்களைத் துணியில் தேக்கிவைக்கும் முறையை அறிந்துகொள்வது, மலையகத்தார் தம் முன்னோரை நினைவுகூரும் வழிகளைச் சிந்திப்பதற்கும் உதவும்.

டார்டனை ரசிக்க முதலில் அதன் கட்டமைப்பு விளங்க வேண்டும். நீளவாக்கில் ஓடும் பாவு இழைகள் எந்த நிறத்தில், எத்தனை எத்தனையாக, எந்த வரிசையில் அமைகின்றனவோ, குறுக்கே ஓடும் ஊடு இழைகளும் பெரும்பாலும் அதே வரிசையிலும் எண்ணிக்கையிலும் அமைவதால், இரண்டும் சந்திக்கும் இடங்களில் கட்டங்கள் தாமாகவே உருவாகின்றன. மீண்டும் மீண்டும் வரும் இந்த நிற வரிசைக்குச் ‘செட்’ என்று பெயர். பெரும்பாலான டார்டன்களில் வரிசை ஒரு குறிப்பிட்ட நிறப்பட்டை வரை சென்று, அங்கிருந்து கண்ணாடிப் பிம்பம்போலத் திரும்பி வரும். திரும்பும் இந்தப் பட்டைகள் இரண்டையும் கண்டுபிடித்துவிட்டால், எஞ்சிய துணி முழுவதையும் எளிதில் வாசித்துவிடலாம்.

ஒரே நிறப் பாவும் ஊடும் சந்திக்கும் இடத்தில் அந்நிறம் முழுமையாகவும், வேறு வேறு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் இரண்டின் கலவையாகவும் தெரியும். எனவே இரண்டு நிற நூலைக்கொண்டு மூன்று சாயல்களும், நான்கு நிற நூலைக்கொண்டு பத்துச் சாயல்களும் கிடைக்கின்றன. ஆறு நிறங்களைச் சேர்த்தால் சாயல்கள் இருபத்தொன்றாகிவிடும். அத்தனையையும் ஒரு முழத் துணிக்குள் அடக்கி ஆள்வது கைதேர்ந்த வடிவமைப்பாளருக்கும் கடினம். அன்புக்குரியவர் விரும்பிய நிறங்கள் அனைத்தையும் சேர்த்துவிட வேண்டும் என்ற ஆசையில் நெய்யப்பட்ட நினைவுத் துணிகள் பல இந்த இடத்தில்தான் தோற்கின்றன.

கலவை எவ்வாறு தெரிகிறது என்பது நெசவைப் பொறுத்தது. வீட்டிலுள்ள கட்டச் சாரம் ஒன்றைக் கையிலெடுத்துப் பார்த்தால், அதில் இழை ஒன்றன்மேல் ஒன்றன்கீழாகச் செல்லும் நேர்நெசவு இருப்பதையும், நிறங்கள் கலக்குமிடம் பொடிப்பொடிப் புள்ளிகளாக இருப்பதையும் காணலாம். டார்டனிலோ ஓர் இழை இரண்டின் மேலும் இரண்டின் கீழுமாகச் சென்று, அடுத்த வரிசையில் ஓரிழை தள்ளித் தொடங்குவதால், கலவைக் கட்டங்களில் மெல்லிய சாய்வுக் கோடுகள் எழுகின்றன. துணி ஒளியை வாங்கும் விதமும் மடிப்பு விழும் விதமும் இந்தச் சாய்விலிருந்து வருபவை. கணினித் திரையில் பார்க்கும் டார்டன் படத்தில் இவை இரண்டும் கிடைப்பதில்லை.

புதிதாக வடிவமைத்த டார்டன் உண்மையான டார்டன் ஆகாது என்ற எண்ணம் பலரிடம் உண்டு. அதற்கு வரலாற்று ஆதாரம் மிகக் குறைவு. கட்டத் துணி ஸ்காட்லாந்தில் மிகப் பழையது. ஃபால்கிர்க்கில் கிடைத்த துண்டு கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆயினும், இன்ன குலத்துக்கு இன்ன கட்டம் என்ற இறுக்கமான ஒழுங்கு, ஸ்காட்லாந்தின் மரபுடையைத் தடைசெய்த 1746இன் சட்டம் 1782இல் நீக்கப்பட்ட பின்னர், பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில், பானக்பர்னில் இருந்த வில்சன் நிறுவனம் போன்ற நெசவாலைகளின் வணிகத்தாலும், நான்காம் ஜார்ஜ் மன்னர் 1822இல் எடின்பரோவுக்கு வந்தபோது எழுந்த ஆரவாரத்தாலும் நிலைபெற்றதாகும். பழையவை என்று போற்றப்படுபவற்றில் பல ஒரு காலத்தில் யாரோ ஒருவர் அமர்ந்து வடிவமைத்தவையே.

நினைவு டார்டன்களில் ஆழ்ந்து பார்க்கத் தக்கது, 2025இல் பதிவான ‘ஸ்காட்லாந்தின் சூனியக்காரிகள்’ என்ற டார்டன். 1563 முதல் 1736 வரை அந்நாட்டில் நடைமுறையிலிருந்த சூனியச் சட்டத்தின்கீழ் குற்றஞ்சாட்டப்பட்டோர் ஏறக்குறைய 4,000 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். கருப்பும் சாம்பலும் அந்த இருண்ட காலத்தையும் எரிக்கப்பட்டோரின் சாம்பலையும், சிவப்பு சிந்திய இரத்தத்தையும், இளஞ்சிவப்பு வழக்குக் கட்டுகளைக் கட்டும் நாடாவையும் குறிக்கின்றன. சட்டம் நீடித்த 173 ஆண்டுகள் 173 இழைகளாக ஓடுகின்றன. இவற்றுள் நாடாவின் இளஞ்சிவப்பே உயர்ந்த தேர்வு எனலாம். இரத்தத்துக்குச் சிவப்பு என்பது எவருக்கும் தோன்றும். கொலைக்குத் துணைநின்ற எழுத்துவேலையை ஒரு மெல்லிய நிறத்தில் காட்டுவதற்கு விஷயத்தை நெருங்கி அறிந்த மனம் வேண்டும்.

இதே அளவுகோலை மலையகத்துக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். ஆயுள் முழுவதும் நோட்டன் பிரிட்ஜ் மலைகளில் கொழுந்து பறித்த ஒரு பாட்டியின் நினைவாகத் துணி நெய்வதாக வைத்துக்கொண்டால், முதலில் மனத்தில் எழுவது பச்சை. ஆனால் பச்சையை அகன்ற தளமாக விரித்தால், அத்துணி தேயிலைப் பெட்டியின் விளம்பரமாகிவிடும். தேயிலை தெரியும், ஆள் தெரியமாட்டார். விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, அவர் தலையில் போட்டுச்சென்ற கறுத்த கம்பளியைத் தளமாக்கி, இடுப்பில் கட்டிய படங்கின் மங்கிய நிறத்தை அதனருகே வைத்து, பச்சையை ஒடுங்கிய பட்டையாகக் குறைத்தால், அவருடைய நாள் துணியில் தெரியத் தொடங்கும். குங்குமச் சிவப்பு இரண்டே இழைகள் போதும். நுண்ணிய நூலில் அது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அகலமே இருக்கும் என்பதால், பத்தடி தூரத்தில் மறைந்து, கையிலெடுத்தவருக்கு மட்டும் தெரியும். வேலைசெய்த ஆண்டுகளைப் பட்டையின் இழை எண்ணிக்கையாக வைப்பதும் பொருத்தமே. ஆனால் எண்ணுக்காகப் பட்டையின் அகலம் பொருந்தாமற் போகுமானால், எண்ணையே விட்டுவிட வேண்டும்.

ஆகவே நினைவு டார்டனைப் பார்க்கும்போது அதன் விளக்கக் குறிப்பைக் கடைசியில் படிப்பது நல்லது. முதலில் எட்ட நின்று, தளநிறம் எது, கண் எந்தக் கோட்டில் நிற்கிறது என்பதைக் கவனித்து, பின்னர் நெருங்கி இழைகளையும் திரும்பும் பட்டைகளையும் பார்த்த பிறகு குறிப்பை வாசித்தால், துணி தானாகச் சொன்னது எவ்வளவு, குறிப்பு சொல்லித் தெரிவது எவ்வளவு என்பது புலப்படும். குறிப்பின்றி ஒன்றுமே சொல்லாத துணியை, அதன் பின்னாலுள்ள துயரத்தின் பொருட்டு நல்ல துணி என்று சொல்ல வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.

2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உருவாகி 2009இல் தொடங்கிய ஸ்காட்லாந்து டார்டன் பதிவேட்டில் ஒரு வடிவத்தைப் பதிவதற்கு, அது நெய்யப்பட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அதனால் சான்றிதழிலும் படத்திலும் மட்டுமே இருக்கும் டார்டன்களும் அதில் இடம்பெற்றுள்ளன. தம்மவர் ஒருவருக்காக இத்தகைய துணியை நெய்விக்க எண்ணும் வாசகர், பதிவுக்கு முன்னதாக ஒரு முழம் மாதிரி நெய்து வாங்கி, அதைப் பகல் வெளிச்சத்தில், மறைந்தவரை நன்கறிந்த ஒருவரிடம் விளக்கம் ஏதும் சொல்லாமல் காட்டிப் பார்க்கட்டும்.